உள்ளான் மேய்ந்த திடல்

அசனாவின் சட்டி நிறைந்து வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இப்போது இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்போது யாராவது முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் அவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

அவள் என் கணவர் சரீபின் தங்கை. எனக்கு மச்சாள், என்னைவிட நாலு வயது இளையவள். கல்யாணம் கட்டி மூன்றாம் வருஷம் அவளுடைய புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளையும் இல்லை. கிண்ணியாவில் எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளித் தனியாக இருந்தாள். பார்க்கப்போனால் பொறாமைப்படுவதற்கு அவளிடம் என்ன இருந்தது? இரண்டு பாயும் ஒரு அலுமாரியும்தான். ஆனால் அவளுக்கு மட்டிச் சிப்பி அகப்பட்டது. அதுவும் எங்களில் யாருக்கும் அகப்படாத மட்டி.

தம்பலகாமக் குடாவில் தண்ணீர் வற்றினால் சேற்றுத் திடல்கள் வெளியே தெரியும். நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுநுனியில் அலுமினியச் சட்டியை மிதக்கவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்குவோம். கால்விரலால் சேற்றைத் துழாவினால் மட்டி தட்டுப்படும். குனிந்து எடுத்துச் சட்டியில் போடவேண்டியதுதான். வீட்டில் அவித்து, சதையைக் கழற்றித் துறையடிக்குக் கொண்டுபோனால், பாதைக்குக் காத்து நிற்கிற சனம் வாங்கும். ஆட்களையும் பஸ்ஸையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற இரும்புத் தெப்பத்தைத்தான் நாங்கள் பாதை என்போம். சரீபுக்கு அதில்தான் வேலை.

நான் இறங்கினால் அரைச் சட்டி. அதுவும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிசாக. அசனா இறங்கினால் சட்டி நிறைந்து மேலே குவிந்திருக்கும். ஒவ்வொன்றும் சின்னப் பிள்ளையின் உள்ளங்கை அளவு.

"அசனா எடுத்த மட்டியெண்டா அது வேற" என்று சரீப் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொல்வார். நான் எடுத்து, நான் அவித்து, நான் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கிய கறியைப் பிசைந்துகொண்டே சொல்வார்.

"அப்ப அங்கேயே போய்த் தின்னுங்களன்" என்பேன்.

"ஏன் கோவிக்கிறாய்? நல்லதத்தானே சொன்னனான்."

அவருக்கு அது நல்லது. நான் என் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விடுவேன்.

கல்யாண வீடு, கந்தூரி வீடு எதுவென்றாலும் அசனாவிடம்தான் மட்டிக்குச் சொல்லிவைப்பார்கள். யோகமலர் என்று ஒருத்தி, தம்பலகாமத்துப் பக்கத்து ஆள், எங்களோடு திடலுக்கு வருவாள். அசனா எங்கே இறங்கினாலும் பக்கத்தில் அவளும் இறங்குவாள். அவளுடைய சட்டியும் நிறையும். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. சொந்தக் காக்காவின், கூடப்பிறந்த அண்ணனின், பெண்சாதிக்குச் சொல்லாத வித்தையை எங்கேயோ இருக்கிறவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாளே!

அசனா எப்படிச் செய்கிறாள் என்று களவாகக் கவனிக்கத் தொடங்கினேன். புரட்டாதி பிறந்ததும் உள்ளான் வரும். தவிட்டு நிறத்தில், ஒரு கைக்குள் அடங்குகிற பறவை. வடக்கே எங்கேயோ இருந்து ஆயிரக்கணக்கில் வந்து திடல்களில் இறங்கும். தையல் மெசின் ஊசி மாதிரி மூக்கால் சேற்றைக் குத்திக் குத்தித் தின்னும். பங்குனிக் கடைசியில் தொப்பையும் தொந்தியுமாகக் கொழுத்து, ஒரே நாளில் எழும்பிப் போய்விடும். உள்ளான் வந்து இறங்கும் முதல் நாட்களில் அசனா மட்டிக்கு இறங்கமாட்டாள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, எந்தத் திடலில் கூட்டம் கூட, எதில் குறைய என்று கரையில் நின்று பார்ப்பாள். வேலைவெட்டி இல்லாதவள் மாதிரி ஒரு மணித்தியாலம் நிற்பாள்.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. உள்ளான் இறங்குகிற இடத்தில்தான் மட்டி கிடக்கிறது! மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாய்ப் போய், பெரிய கூட்டம் நின்ற திடலில் உள்ளானைக் கலைத்துவிட்டு இறங்கினேன். துழாவித் துழாவிக் கால்விரல் மரத்ததுதான் மிச்சம். கடைசியில் சேற்றைக் கையால் அள்ளிக் கழுவிப் பார்த்தேன். உமி அளவில் குஞ்சு மட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு, ஒரு கைப்பிடிக்குள் நூறு. கறிக்கும் உதவாது, கழிப்புக்கும் உதவாது. அன்று வெறுஞ் சட்டியோடு கரையேறினேன். அசனா உள்ளானின் நிழலே இல்லாத ஓர் இடத்தில் இறங்கி, குவித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன மச்சாள், உள்ளானுக்க நிண்டீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா கால் கழுவினனான்" என்றேன்.

எப்படியென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளிடம் கேட்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று இருந்தது எனக்கு. உள்ளானைப் பார்ப்பதெல்லாம் என் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கான நடிப்பு என்று முடிவு கட்டினேன். அப்படியே ஏழெட்டு வருஷம் ஓடியது.

எழுபத்து மூன்றாம் ஆண்டு, கப்பலில் சாமான் வருவது குறைந்து, பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற காலம். மனிதருக்கே இல்லாதபோது கோழிக்குத் தீன் எங்கே இருந்து வரும்? திருகோணமலை டவுனில் இருந்து முத்தலிப் என்ற வியாபாரி ஒரு லொறியோடு கரைக்கு வந்தார். எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பெரிய மட்டி எனக்குத் தேவையில்ல. பொடி மட்டி வேணும். ஓட்டோட சதையோட காயவெச்சு அரைச்சாக் கோழிக்கு அதவிட நல்ல தீன் இல்ல. எவ்வளவு தந்தாலும் சாக்குச் சாக்கா எடுப்பன்."

எல்லாப் பெண்களும் அசனாவைத்தான் பார்த்தார்கள். எப்போதும் அப்படித்தான். மழை வருமா, வராதா என்று கேட்பதற்கும் அவளுடைய முகத்தைத்தான் பார்ப்பார்கள். அசனா தலையை ஆட்டினாள்.

"ஏலாது நானா. அது குஞ்சு. அத அள்ளினாப் பொறகு நாங்க எத எடுக்கிற? உள்ளானுக்கும் அதுதான் சாப்பாடு."

"உள்ளானுக்குச் சாப்பாடு போட நான் லொறி கொண்டு வரல்ல தங்கச்சி" என்று முத்தலிப் சிரித்தார். அவர் லொறியில் ஏறப் போனார்.

"நில்லுங்க" என்றேன். "பொடி மட்டி எங்க கிடக்கெண்டு எனக்குத் தெரியும்."

பதினைந்து முகமும் என் பக்கம் திரும்பின. அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் ஒரு குளிர்ச்சி. அசனாவின் முகம் மட்டும் சுருங்கியது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் குளிர்ந்தது.

கிழிந்த நுளம்புவலைகளை இரண்டாக மடித்து நாலு கம்பில் கட்டினோம். மண்வெட்டியால் சேற்றை வாரி அதில் கொட்டித் தண்ணீருக்குள் அலசினால், சேறு போய்க் குஞ்சு மட்டி தங்கும். திடலைத் தேடி அலையவும் தேவையில்லை. எங்களைக் கண்டு எழும்புகிற உள்ளான் கூட்டம் அடுத்த திடலில் போய் இறங்கும். அதற்கடுத்த நாள் நாங்கள் அங்கே போவோம். எங்கே தீன் இருக்கிறதென்று அவையே எங்களுக்குக் காட்டித் தந்தன. எங்கள் திடல்களை ஒன்றொன்றாக முடித்துக்கொண்டு போனோம்.

"ரபீக்கா ராத்தா, இண்டைக்கு எந்தத் திடல்?" என்று காலையில் என் வாசலில் வந்து கேட்பார்கள். நான் வேண்டுமென்றே கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்று பதில் சொல்வேன். சரீபும் ஒரு நாள், "நீ கெட்டிக்காரிதான்" என்றார். அதைக் கேட்க நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. அசனாவும் யோகமலரும் மட்டும் எங்களோடு சேரவில்லை. தூரத்தில் இரண்டு பேரும் தனியாகக் குனிந்துகொண்டு நிற்பார்கள். பத்துப் பேருக்கு நடுவில் நின்று அதைப் பார்க்க எனக்கு என்னவொரு சந்தோஷம்!

மாசி மாதம் ஒரு பின்னேரம் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அசனா கதிரையில் இருக்கவில்லை. குசினி வாசற்படியில் இருந்தாள்.

"மச்சாள், கண்டல் முனைத் திடல் ஒண்டுதான் மிச்சம் கிடக்கு. அத விடுங்க. போறதுக்கு முன்னால உள்ளான் எல்லாம் அதிலதான் கூடித் தின்னுற. அதையும் அள்ளினா அதுகள் எப்பிடிப் போறது?"

"போகாட்டி இங்கேயே நிக்கட்டும். எனக்கென்ன?"

"உங்களுக்குத்தான் மச்சாள். கத்தரி நாத்து நெருங்கி முளைச்சா நாம பிடுங்கி ஐதாக்கிறதுதானே? உள்ளான் அந்த வேலையத்தான் செய்யுது. நெருங்கிக் கிடக்கிற குஞ்சத் திண்டு ஐதாக்கி விடும். மிஞ்சினது ரெண்டு வருஷத்தில ஊதிப் பெருக்கும். இந்த வருஷம் உள்ளான் எங்க மேயுதெண்டு பாத்து மனசில வெச்சு, ரெண்டாம் வருஷம் அந்த இடத்தில இறங்குவன். எண்ட சட்டி நிறையிறது அதாலதான். வேறொண்டுமில்ல."

இவ்வளவுதானா? நான் இடத்தைச் சரியாகத்தான் கண்டிருக்கிறேன். இரண்டு வருஷம் முந்திப் போய் இறங்கியிருக்கிறேன்!

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அசனா பதில் சொல்லுமுன் யோகமலர் சொன்னாள்: "நான் கேட்டனான், உடனே சொன்னவ. நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையோ?"

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழெட்டு வருஷம் நான் வெந்த வேக்காட்டை ஒரு சின்னக் கேள்வி ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. என்னுடைய எரிச்சலுக்கு அவளிடம் ஒரு குற்றம் வேண்டும். அவளிடம் குற்றமே இல்லையென்றால் நான் யார்?

"யோசிப்பம்" என்று சொல்லி அவர்களை அனுப்பினேன். தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் பெண்கள் வாசலுக்கு வந்து கேட்டபோது, "கண்டல் முனை" என்றேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. மற்றத் திடல்களை அள்ளியபோது எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் திடலை அள்ளியபோது எல்லாம் தெரியும். ஆறு நாளில் முடித்தோம். அசனா கரைக்கு வந்து பார்த்தாள். திரும்பிப் போனாள்.

அந்தப் பங்குனியில் உள்ளான் கொழுக்கவில்லை. அள்ளி முடித்த திடல்களில் அங்கும் இங்கும் ஓடி, ஒவ்வொரு இடத்திலும் மூக்கைக் குத்திக் குத்தி எடுத்தன. பங்குனிக் கடைசியில் பாதிக் கூட்டம்தான் எழும்பியது. மற்றவை சித்திரையிலும் நின்றன, வைகாசி வெயிலிலும் நின்றன. கரையோரத்தில் செத்துக் கிடந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். கையில் ஏதோ இருக்கிறதென்றே தெரியவில்லை. நெஞ்சு எலும்பு மட்டும் கத்தி விளிம்பு மாதிரி உள்ளங்கையில் குத்தியது. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அதைக் கண்டல் மரங்களுக்குள் எறிந்தேன்.

அடுத்த புரட்டாதியில் வந்தவற்றைப் பார்த்தவர்கள், "இவ்வளவுதானா?" என்றார்கள். அதற்கடுத்த புரட்டாதியில் நாற்பது ஐம்பது இருக்கும். இறங்கின, குத்திப் பார்த்தன, அன்றைக்கே எழும்பிப் போயின. எழுபத்தாறில் ஒன்றும் வரவில்லை. குஞ்சு இல்லாததால் முத்தலிப்பின் லொறியும் வரவில்லை, மூதூர்ப் பக்கம் திரும்பிவிட்டதாகக் கேள்வி. குஞ்சாய் இருக்கும்போதே அள்ளிய மட்டி பெரிய மட்டியாக வருமா? அசனாவின் சட்டியும் இப்போது என்னுடையதைப் போலவே மிதந்தது. இரண்டு பேருக்கும் சமம். நான் கேட்டது அதுதான். கிடைத்த பிறகு சட்டியில் போட ஒன்றுமில்லை.

பெண்கள் என்னைத் திட்டவில்லை. எல்லோரும்தானே அள்ளினோம் என்று இருந்துவிட்டார்கள். கண்டல் முனையை நான் தெரிந்துகொண்டே அள்ளவைத்தது தெரிந்தவர்கள் மூன்றே பேர்தான்.

அந்த வருஷம் நிலாவெளி ஹோட்டலில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், கழுத்தில் தூரக்கண்ணாடியோடு ஹயர் காரில் வந்தார். உள்ளான் பார்க்க வந்தாராம். ஆறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து பார்த்தவராம். டிரைவர் இறங்கி, "இதப்பத்தித் தெரிஞ்ச ஆள் ஆர்?" என்று கேட்டார். நான் முன்னுக்குப் போனேன். அதற்குள் நாலு பேர் சேர்ந்து அசனாவின் வீட்டுக்கு வழி காட்டிவிட்டார்கள். வெறும் சேற்றைக் காட்டுவதற்கும் அவள்தான் வேண்டும்!

நானும் பின்னால் போய் நின்றேன். அந்தப் பறவைகள் பனி உறையும் தேசங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலைக்கு மேலால் பறந்து வருவதாக டிரைவர் சொன்னார். "ஏன் இப்ப வாறதில்ல எண்டு கேக்கிறார்."

அசனா என்னைப் பார்க்கவேயில்லை.

"சாப்பாடு இல்ல. நாங்க அள்ளிப்போட்டம் எண்டு சொல்லுங்க" என்றாள்.

நாங்கள் என்றாள். ஒரு வலைக் கம்பைக்கூடத் தொடாதவள். அவள் என்னைக் கைகாட்டியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், மனம் ஆறியிருக்கும். வெள்ளைக்காரர் அவளைத் திடலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். எனக்கு அதுவும் எரிந்தது.

இரண்டு மாதம் கழித்து அசனா ஊரைவிட்டுப் போனாள். யோகமலரின் பெரியம்மா ஈச்சிலம்பற்றில் இருந்தாள். வெருகல் ஆறு கடலில் விழுகிற பக்கம் திடல்கள் உண்டென்றும் உள்ளான் அங்கே இறங்குகிறதென்றும் கேள்விப்பட்டு, இரண்டு பேரும் போய்விட்டார்கள். தங்கையைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த சரீப் அன்று சோறு தின்னவில்லை. "எண்ட தங்கச்சி பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போறாளே" என்று கதிரையில் இருந்தபடியே அழுதார். நான் ஏன் என்று கேட்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. எந்த வாயால் சொல்வது?

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அசனா வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. காக்காவுக்கென்று ஒரு சட்டி நிறைய அவித்த மட்டி கொண்டு வந்தாள். ஒவ்வொன்றும் அந்தப் பழைய அளவு. பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து முற்றத்தில் அவளைச் சுற்றி இருந்தார்கள். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அங்கயும் கன உள்ளான் இல்ல. வாறது கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தக் கொஞ்சமும் ஒரே இடத்திலதான் இறங்குது. ஆத்து வாயில இருந்து இஞ்சால வந்தா…"

நான் தட்டத்தோடு வாசலுக்கு வந்தேன். அசனா நிறுத்தினாள். இருமினாள். ஒருத்தியின் பிள்ளைக்குச் சுகமா என்று கேட்டாள்.

மற்றவர்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். தட்டத்தைக் கீழே வைத்தேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக, பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"உள்ளான் எங்க புள்ள இறங்குது?"

அசனா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. காய்ச்சல் பிள்ளையைத் தன் பிள்ளையிடம் இருந்து விலக்கிப் பிடிக்கிற தாயின் பார்வை.

"தெரியா மச்சாள்" என்றாள். "நான் அதக் கவனிக்கிறதில்ல."

எத்தனையோ வருஷம் இவள் என்னிடம் மறைக்கிறாள், மறைக்கிறாள் என்று நான் வெந்தேன். அவள் மறைக்கவே இல்லை. இப்போதுதான் மறைக்கிறாள். அந்த வெருகல் திடலுக்கும் அதில் இறங்குகிற கொஞ்ச உள்ளானுக்கும் நான் யாரென்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டது சரிதான் என்று எனக்கும் தெரிந்தது. அவள் கையை நீட்டித் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தாள். சீனி காணும், அளவாய் இருக்கு என்றாள்.